என் இருட்டறையும் சசிகலாவின் அடைக்கோழியும்

இருட்டுக்குக் காவல் இருக்கிறவன் நான். காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் ராத்திரி வாட்ச்மேன். அங்கே ஒரு பல்புகூடத் தப்பித்தவறி எரியக் கூடாது. என் டார்ச்சுக்கே சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அவ்வளவு அருமையான இருட்டில் தூங்க எனக்கு அனுமதியில்லை. வீட்டுக்கு வந்தால் பளீரென்று வெயில். அதில் தூக்கம் வருவதில்லை.

போன மாதம் கேட் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். இன்னொரு தடவை அசந்தால் வேலை போய்விடும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஆலங்காயம் டாக்டரிடம் ஓடினேன். கண்ணில் வெளிச்சம் பட்டால் உடம்பு அதைப் பகல் என்று நம்பித் தூக்கத்தைத் துரத்திவிடுமாம். அறையை இருட்டாக்கு என்றார். அன்றைக்கே ஜன்னலில் புளி மூட்டைச் சாக்கை இரண்டாக மடித்து ஆணி அடித்தேன். கதவிடுக்கில் பழைய லுங்கியைத் திணித்தேன். ஓட்டுச் சந்தில் களிமண் பூசினேன். முதல் நாளே ஏழு மணி நேரத் தூக்கம். எழுந்ததும் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

என் மனைவி சசிகலா உள்ளே வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தாங்க பண்ணியிருக்கீங்க" என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்து கட்டிலில் விழுந்தேன். கட்டிலுக்கடியில் ஏதோ உறுமியது. குனிந்து டார்ச் அடித்தேன். கூடையில் கறுப்புக் கோழி, அதன் அடியில் பதினோரு முட்டை. என் விரலைக் கொத்திவிட்டது.

"இன்னா சசி இது?"

"அடை வெச்சிருக்கேன். கோழிக்கு இருட்டு வேணும். வூட்ல வேற எங்க இருக்குது இருட்டு?"

"எனக்கு வேணும்னுதானே சாக்கு அடிச்சேன்."

"அது எழுந்துட்டா முட்டை கெட்டுப்பூடும். நீங்க எழுந்தா இன்னா கெட்டுப்போவுது?"

வேலைதான் கெட்டுப்போகும் என்றேன். இருபத்தோரு நாள் பொறுக்க முடியாதா என்று பாயை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பலாமரத்தடியில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன். துண்டின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் சூரியன் என்னை விசாரித்தது. ராத்திரியில் உட்கார்ந்தால் அசந்துவிடுவேன் என்று நின்றுகொண்டே காவல் காத்தேன். மார்கழிக் குளிரில் கண்ணைக் கழுவிக் கழுவி, நாட்களை எண்ணினேன். கோழிகூட அப்படி எண்ணியிருக்காது.

இருபத்திரண்டாம் நாள். பத்துக் குஞ்சு பொரித்திருந்தது. கோழி வெளியே மேய்ந்துகொண்டிருந்தது. பாயோடு உள்ளே பாய்ந்தேன். நூறு வாட்ஸ் பல்பு ஒன்று கண்ணைக் குத்தியது. அதன் கீழே குஞ்சுகள் சுகமாக நின்றன.

வெளியே விட்டால் பருந்து தூக்கிவிடுமாம். தாய் மேயப் போனால் குஞ்சுக்குக் குளிருமாம். அதற்குத்தான் பல்பாம்.

"எத்தினி நாளைக்கு சசி?" பாயைக் கீழே போடாமலே கேட்டேன்.

"ஒரு மாசம். பகல்ல மட்டுந்தாங்க. ராத்திரி தாய் வந்துடும், பல்பை அணைச்சிடுவேன். இருட்டா இருந்தாத்தானே அதுங்களும் தூங்கும்?"