பதினாறு வெள்ளையும் ஒரு கறுப்புப் பேனாவும்

கோடு போட்டே வயதானவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் இரண்டு கறுப்புப் பேனா, பையின் அடியில் மை கசிந்த வட்டம், நடுவிரலில் ஒரு காய்ப்பு. டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார வைத்தால், முறை வருவதற்குள் டோக்கனின் முதுகில் எதிர் நாற்காலிக்காரரின் மூக்கு ஏறியிருக்கும். இந்த இனத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று ஒரு பிரஷ் வாங்கும்வரை.

யாரைச் சொல்கிறேன் என்று அக்கம்பக்கம் தேட வேண்டாம். என்னைத்தான். பத்திரிகையில் முப்பத்தொரு வருஷம் அரசியல் கார்ட்டூன். கேமராவை உள்ளே விடாத இடத்தில் எல்லாம் என்னை விடுவார்கள். இருநூறு பேர் கூட்டத்தை ஏழு நிமிஷத்தில் முடிப்பேன்: முன்வரிசைக்கு முகம், அடுத்த வரிசைக்கு வழுக்கை, மிச்சத்துக்குப் புள்ளி. புள்ளியாகப் போனவர்கள் யாரும் இதுவரை வந்து சண்டை போட்டதில்லை.

வினை வீட்டிலிருந்து வந்தது. என் மனைவி செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். பல்லுக்கு நிறம் பார்ப்பது அவள் பொறுப்பு. உங்களுக்கும் எனக்கும் பல் என்றால் வெள்ளை. அவளுக்கு வெள்ளையில் பதினாறு. பதினாறு மாதிரிப் பற்களைக் கொத்துச்சாவி போலக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரில் உள்ளவர் வாயைத் திறந்ததும் "பி-டூ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அவளுக்கு ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. பட்டறைச் சுவரில் மாட்ட அவள் படம் ஒன்று வேண்டும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்களாம்.

"எங்க வீட்டுக்காரர் வரைவார்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"அஞ்சு நிமிஷ வேலை. உட்காரு."

"கோட்டுல வேண்டாம். கலர்ல வேணும்."

"கோட்டுக்கு என்ன குறைச்சல்?"

"நீங்க போடுற படத்துல எல்லாருக்கும் ஒரே பல்லு. அங்க கொண்டுபோய் மாட்டினா என் மானம் போயிடும்."

வழியனுப்பு விருந்து ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. அதற்கு இன்னும் பத்து வாரம். கெடு வைத்துவிட்டால் நான் சிங்கம். அன்றைக்கே ஓவிய வகுப்பில் சேர்ந்தேன்.

இங்கேதான் இந்த இனத்தின் லட்சணங்களைக் கவனிக்க வேண்டும். முதல் லட்சணம், பிரஷ் வாங்குவது. கடையில் இருப்பதிலேயே மெல்லியதாக, நாலு முடி மட்டும் உள்ளதாகத் தேடி எடுப்பார். ஏன்? அதுதான் பேனா மாதிரி இருக்கிறது. டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். நாடக மேடைக்குத் திரை எழுதுகிறவர், என்னைவிட இருபது வயது இளையவர்.

"நல்ல பிரஷ்தான் சார். இமைக்கு மை எழுதலாம்" என்று சொல்லிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற அகலத்தில் ஒன்றைக் கையில் திணித்தார்.

இரண்டாவது, தெரிந்தமாதிரியே இருப்பது. வெள்ளை மேஜைத்துணிமேல் வெள்ளைக் கோப்பை ஒன்றை வைத்து வரையச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர். ஸ்டியரிங்கைத் தவிர எதையும் வட்டமாகப் பிடித்தறியாதவர். அவர் நீலத்தைக் குழைத்தார், சாம்பலைக் குழைத்தார், ஒருமுறை தும்மவும் செய்தார். கடைசியில் அந்தக் கோப்பையில் டீ ஊற்றிக் குடிக்கலாம்போல இருந்தது. நான்? வெள்ளைக்குத்தான் காகிதம் இருக்கிறதே என்று காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் அழகாக ஒரு கோடு போட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

"கோப்பை எங்க சார்?"

"இதோ."

"இது கோப்பைக்கு வேலி. கோப்பை எங்க?"

அப்போது இந்த இனம் ஒரு வார்த்தை சொல்லும். "அது என் ஸ்டைல்." நானும் சொன்னேன். டிரைவர் மரியாதையாகத் தலையாட்டினார். அதுதான் வலித்தது.

அடுத்த வாரத்திலிருந்து வாசலில் ஒரு டப்பா. பென்சில், பேனா எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வகுப்பில் பன்னிரண்டு பேர். டப்பாவில் ஐந்து பேனா. ஐந்தும் என்னுடையவை.

ஆனாலும் ஒன்பது வாரத்தில் கல்லும் கொஞ்சம் ஊறும் அல்லவா? மனைவியை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்து ஒரு படம் செய்தேன். கன்னத்திலிருந்து சுவருக்கு நிறம் எங்கே மாறுகிறது என்று தெரியாமல் மாறியது. டீச்சர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். டிரைவர், "அண்ணி மூச்சு விடுறாங்க சார்" என்றார். மிதந்துகொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். தாடை எங்கே முடிகிறது? சரியாகத் தெரியவில்லையே. ஒரே ஒரு கோடு, ஒரு விரல் நீளம், யாருக்குத் தெரியப்போகிறது? டப்பாவிலிருந்து திருப்பி எடுத்த பேனா பையில்தான் இருந்தது. தாடைக்குக் கோடு வந்ததும் காது அநாதையாகத் தெரிந்தது. காதுக்குப் போட்டேன். மூக்கு கோபித்துக்கொண்டது. என் நிறுத்தம் வருவதற்குள் தலைமுடி ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு, பற்களுக்கு நடுவே முப்பது கோடு விழுந்து, என் மனைவி முழுவதுமாகக் கைதாகியிருந்தாள்.

வீட்டில் அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எந்தக் கட்சி நான்?"

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"பரவாயில்லைங்க. போட்டோவையே மாட்டச் சொல்லிடுறேன்."

திட்டியிருந்தால் தேவலை. முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட வேலையைக் கெடுவுக்குள் கொடுக்காமல் இருந்ததில்லை. ஆசிரியர்கள் கத்தியிருக்கிறார்கள், பரவாயில்லை என்று யாரும் சொன்னதில்லை. அதுவும் இவள்.

"நாளைக்கு லீவு போடு. நேர்ல உட்காரு" என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை, விருந்துக்கு முந்தின நாள். வீட்டிலிருந்த பேனாக்களை எல்லாம் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அகலப் பிரஷ்ஷை எடுத்தேன். முகம் வந்தது, கழுத்து வந்தது. பல்லுக்கு வந்ததும் கை நின்றது.

"சிரிச்ச மாதிரியே இரு. இது என்ன வெள்ளை?"

உதடு அசையாமல் சொன்னாள்: "ஏ-த்ரீ."

"அப்படின்னா?"

"நீங்கதான் பார்க்கணும்."

பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே வெள்ளையே இல்லை. கொஞ்சம் மஞ்சள், ஓரத்தில் லேசாக நீலம், ஜன்னல் திரையின் சிவப்பு துளியூண்டு வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு பல்லுக்கு நடுவே கோடு இல்லை. நிழல்தான் இருந்தது.

"இத்தனை வருஷமா உன் பல்லு வெள்ளைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இத்தனை வருஷமா பார்க்கலைன்னு சொல்லுங்க. கழுத்து வலிக்குது, சீக்கிரம்."

வெள்ளிக்கிழமை நாலு மணி. பட்டறையில் படத்தை மேஜைமேல் சாய்த்து வைத்தார்கள். அவர்கள் யாரும் கண்ணைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்க்கவில்லை. நேரே வாயைப் பார்த்தார்கள். மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். அச்சு வார்க்கிற பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். கொத்துச்சாவியிலிருந்து ஒரு பல்லை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். இன்னொன்றை வைத்தார். என் முதல் கார்ட்டூன் அச்சேறியபோதுகூட நான் அப்படி வியர்த்ததில்லை.

"ஏ-த்ரீ" என்றார். "அசல் ஏ-த்ரீ. அம்மா, இவருக்கு நம்ம பட்டறையிலயே வேலை போட்டுக் கொடுக்கலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வரைய மாட்டேன். அது எனக்கு.

இத்துடன் முடித்திருந்தால் நல்ல கதை. முதலாளி வந்தார். "பிரமாதம் சார்! ஆனா கையெழுத்துப் போடலையே?" என்று சட்டைப் பையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்.

கறுப்புப் பேனா.

மூலையில் பெயரைப் போட்டேன். பெயருக்குக் கீழே ஒரு கோடு, அது வழக்கம். பெயருக்குக் கோடு இருந்தால் படத்துக்கு ஒரு கட்டம் வேண்டாமா? கீழ் ஓரத்தில் பாதி இழுத்தாயிற்று. கட்டம் வந்தால் தாடை கொஞ்சம் மங்கலாகத் தெரியுமே என்று கை மெதுவாக மேலே நகரும்போது மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. பதினாறு வெள்ளையைப் பிரித்தறிந்த விரல்கள்.

"பேனாவைக் குடுங்க."

கொடுத்துவிட்டேன். பட்டறைக்குப் போனால் பாருங்கள், படத்தின் கீழ் ஓரத்தில் பாதிக் கட்டம் இன்னும் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் ஏதோ ஒரு தொழிலில் முப்பது வருஷம் கை பழகியிருக்கும். புதிதாக ஒன்றைக் கற்கவும் ஆசை இருக்கும். போகிற அன்றைக்குச் சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பாருங்கள். அது இருக்கட்டும், இதைப் படித்துக்கொண்டு வரும்போது நல்ல வரி ஒன்றுக்கு அடியில் கோடு போட்டீர்களே, அந்தப் பேனாவை முதலில் கீழே வையுங்கள்.