ஏழு பெட்டிப் படகோட்டி

ஏழு இருபத்தைந்துக்கு ஒலிபரப்பு. மணி ஏழு அடித்து எட்டு நிமிஷமாகிவிட்டது. வானொலி நிலைய இயக்குநர் மூன்றாவது தாளிலும் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

'வரலாற்றில் இன்று' என்று இரண்டு நிமிஷ நிகழ்ச்சி, காலைச் செய்திக்கு முன்னால் வரும். ஆறு வருஷமாக அதைத் தனியாளாக எழுதி வந்தவரை நிலையத்தில் எல்லாரும் 'சரித்திரம்' என்றே கூப்பிட்டார்கள். ஆறு வருஷமும் தற்காலிகம்தான். வருகிற வெள்ளிக்கிழமை அவரை நிரந்தரமாக்கும் ஆணையில் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் சனிக்கிழமை முதல் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நாற்பத்தேழு வயசில் எங்கே போய் வேலை தேடுவது? தேதியைச் சொன்னால் அன்று நடந்ததைச் சொல்வேன் என்பதை ஒரு தகுதி என்று எவன் ஒத்துக்கொள்வான்?

முதல் தாளில் இருந்தது சாயப்பட்டறைத் தொழிலாளர் ஊர்வலம். அந்தச் சங்கத்துக்காரர்கள் இப்போது ஆளும் கூட்டணியில் இருக்கிறார்கள் என்று இயக்குநர் அடித்தார். இரண்டாவதில் எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தீர்ப்பு. அது இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறதாம். மூன்றாவது, ஒரு பாலத்தின் திறப்பு விழா. பாலம் எங்கே இருக்கிறது என்று எதிரிக்கு நாமே எதற்குச் சொல்ல வேண்டும் என்றார். அவர் தினமும் அந்தப் பாலத்தின் மேல்தான் காரில் ஆபீசுக்கு வருகிறார்.

"யாரையும் குத்தாத ஒண்ணைக் கொண்டாங்க. இல்லைன்னா அந்த நேரத்துக்குப் பாட்டுப் போட்டுருவேன். வெள்ளிக்கிழமை பேனாவை எடுக்கறப்ப அந்தப் பாட்டு எனக்கு ஞாபகம் வரும்" என்றார்.

யாரையும் குத்தாத சம்பவம் ஒன்று அந்தத் தேதியில் நடந்ததே இல்லை. சரித்திரம் தன் இடத்துக்கு ஓடி, உட்கார்ந்து, தாமே ஒன்றை நடத்திவைத்தார்.

நூற்றிப் பத்து ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் ஆற்றில் பெருவெள்ளம். நீதிமன்றக் கட்டடம் மூழ்கிக்கொண்டிருந்தது. பெயர் தெரியாத ஒரு படகோட்டி, வழக்குக் கட்டுகள் நிறைந்த ஏழு பெட்டிகளைத் தன் படகில் ஏற்றிப் பத்திரமாகக் கரை சேர்த்தார். வெள்ளம் நிஜம், எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. படகோட்டியும் பெட்டியும் சரித்திரத்தின் கைவண்ணம்.

இயக்குநர் படித்தார். முகம் மலர்ந்தது. இதை முதலிலேயே கொண்டுவந்திருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்காதே என்று கடிந்துகொண்டார். ஏழு இருபத்தைந்துக்கு அறிவிப்பாளர் அம்மா தழுதழுத்த குரலில் வாசித்தார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சரித்திரத்தின் புளுகுக்கு ஒரு மணி நேரம்கூட ஆயுள் கெட்டியில்லை. எட்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

பேசியவர் ஒரு வக்கீல். அவர் குடும்பத்துக்கு ஆற்றோரம் ஒரு நிலம் சம்பந்தமாக வழக்கு இருந்ததாம். கட்டுகள் வெள்ளத்தில் போய்விட்டன என்று சொல்லி நீதிமன்றம் அதை நூற்றிப் பத்து வருஷத்துக்கு முன்னால் கைகழுவிவிட்டதாம். "இப்ப நீங்க பத்திரமா கரை சேர்ந்துச்சுன்னு சொல்றீங்க. ரொம்ப நல்ல சேதி. அந்த ஏழு பெட்டியும் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

தெரியாது என்ற ஒரு சொல்லோடு சரித்திரம் நிறுத்தியிருக்கலாம். மனுஷன் எழுத்தாளராயிற்றே, கதையை முடித்துவைக்காமல் இருக்க முடியுமா? பெட்டிகள் பிற்பாடு ஓர் அரசாங்கக் கிடங்குக்குப் போய், அங்கே எல்லாவற்றையும் கரையான் அரித்துவிட்டதாக வருத்தத்தோடு சொன்னார்.

"அரசாங்கக் கிடங்கா?" என்றார் வக்கீல். அவர் குரலில் திடீரென்று உயிர் வந்தது. கரையான் அரிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த இலாகாவிடம் விளக்கம் கேட்டு அன்று மத்தியானமே ஒரு நோட்டீஸ் போனது. அதன் நகல் வானொலிக்கு வந்தது, உள்துறைக்கும் போனது.

நோட்டீஸ் வருவதற்கு முன்னால் இன்னொரு தொலைபேசி. வயசான குரல். அந்தப் படகோட்டியின் பேரன் பேசுவதாகச் சொன்னது.

சரித்திரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இல்லாத ஆளுக்குப் பேரனா? அது வேறு படகோட்டி ஐயா என்று சொல்லிப் பார்த்தார்.

"வேற யாரும் இல்ல, அவரேதான். பெட்டி ஏழுன்னுதானே சொன்னீங்க? வேற யார்கிட்டயாவது வேற ஏதாவது சொல்லியிருக்கீங்களா?" என்றது குரல், எழுதிவைத்துக்கொள்கிற நிதானத்தோடு.

இவன் பலே ஆள், வேஷத்துக்கு வசனம் கேட்கிறான் என்று சரித்திரம் போனை வைத்துவிட்டார். வைத்தது தப்பு. பெரியவர் நேரே இயக்குநரைக் கூப்பிட்டுவிட்டார். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டேன், பேட்டி எடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

சாயங்காலம் வீட்டில் சரித்திரம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அக்காவுக்கும் அண்ணனுக்கும் போன வாரமே சொல்லிவிட்டவள் அவள்.

"பொய் சொல்றவங்களுக்கு ஞாபகசக்தி வேணுங்க. உங்களுக்கு அடுப்பை அணைச்சோமா இல்லையாங்கறதே ஞாபகம் இருக்காது. போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லாட்டியும் போகும். சொல்லிட்டுப் போனா வீட்டுல தூங்கவாவது செய்யலாம்."

புதன்கிழமை காலை, சொல்லிவிடலாம் என்றுதான் இயக்குநர் அறைக்குப் போனார். அங்கே மேஜைக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். சாதாரணச் சட்டை, சாதாரண முகம், ஒருமுறை பார்த்தால் மறந்துபோகும். உள்துறையிலிருந்து வந்த பாதுகாப்புப் பிரிவு அதிகாரி என்று இயக்குநர் அறிமுகப்படுத்தினார்.

அதிகாரி மென்மையாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. அரசாங்கக் குறிப்புகளின்படி அந்தக் கட்டுகள் வெள்ளத்தில் அழிந்துவிட்டன. அழியவில்லை என்றும், ஒரு கிடங்கில் இருந்தன என்றும் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்றால், உள்ளே இருக்கிற யாரோ ரகசியத்தை வெளியே விடுகிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆள் யார் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

"உங்களுக்கு இதை யாரு சொன்னது சார்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இட்டுக்கட்டினேன் என்றால் வேலை போகும். எங்கேயோ படித்தேன் என்றால் புத்தகத்தைக் கேட்பார். இயக்குநரும் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். சரித்திரத்தின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"படகோட்டியோட பேரன் சொன்னாரு சார்."

"நல்லது" என்று அதிகாரி குறித்துக்கொண்டார். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாராமே, நானும் வர்றேன். அந்த வக்கீலையும் வரச் சொல்றேன்."

அவர் போன பிறகு இயக்குநர் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்த ஆணையைக் காட்டினார். தட்டச்சு ஆகியிருந்தது. கையெழுத்து இடம் மட்டும் காலி. நாளைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தால் ஒரு நாள் முன்னாலேயே போட்டுவிடுகிறேன் என்றார். நல்லபடியாக முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, இழுப்பறையை மூடிவிட்டார்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்றால் இதுதான். ஊர் பேர் தெரியாத ஒரு மோசடிக்காரன் வாயில் இப்போது சரித்திரத்தின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது. "நான் இவர்கிட்ட எதுவும் சொல்லலையே" என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலையோடு மானமும் போய்விடும். பெரியவர் இயக்குநரிடம் கொடுத்திருந்த எண்ணை அன்று பதினோரு தடவை சுழற்றினார். யாரும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை, எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பத்து மணிக்கு முன்னால் கொடுத்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு இயக்குநர் அறையில் அதிகாரி இருந்தார், வக்கீல் இருந்தார். சரித்திரம் பைக்குள் கையை விட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

எழுபது வயசு இருக்கும். சலவைச் சட்டை, கையில் ஒரு குடை. யாரும் சொல்லாமலே காலி நாற்காலியில் உட்கார்ந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை சரித்திரத்தின் மேல் வந்து நின்றது.

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "இவருக்கு அந்த விஷயத்தைச் சொன்னது நீங்கதானா?"

இப்போதாவது கடிதத்தை எடுத்துவிடலாமா என்று சரித்திரம் பார்த்தார்.

"ஆமா. நான் சொல்லாம இவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியவர்.

கிடங்கில் கரையான் அரித்த விவரத்தையும் நீங்கள்தான் சொன்னீர்களா என்று வக்கீல் முன்னால் சாய்ந்தார். பெரியவர் சிரித்தார். கிடங்கும் இல்லை, கரையானும் இல்லையாம். கரையான் அரித்தது தங்கள் வீட்டு வாசற்கதவையாம். தொலைபேசியில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டதால் பாவம் இவர் சேர்த்துக்கொண்டுவிட்டாராம்.

"அப்ப பெட்டி?"

"கரை சேர்த்தாரு, அது வாஸ்தவம். கால் மணி நேரத்துல கரையே இடிஞ்சு போயிருச்சு. ஏழு பெட்டியும் ஆத்தோட போச்சு. தாத்தா நீந்தித் தப்பிச்சாரு. அந்த வெட்கத்துல வெளியில சொல்லல, குடும்பத்துக்குள்ள மட்டும் சொன்னாரு."

சரித்திரம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே வீச்சில் எல்லாருக்கும் வழி பிறந்துவிட்டது. கட்டுகள் அழிந்தன என்ற அரசாங்கக் குறிப்பு சரி. வானொலி சொன்னதும் சரி. ரகசியம் எங்கிருந்தும் கசியவில்லை. அதிகாரி குறிப்பேட்டை மூடினார். வக்கீலுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. ஆற்றின் மேல் யார் நோட்டீஸ் விட முடியும்? இயக்குநர் இரண்டு பேரையும் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். நின்றபடியே இழுப்பறையைத் திறந்து கையெழுத்தைப் போட்டார்.

சரித்திரத்துக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஆள் இனிமேல் என்ன கேட்பான்? மாசாமாசம் வந்து நிற்பானா? பெரியவரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிடுவதாகச் சொல்லி வெளியே அழைத்து வந்தார். தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்தார்.

"பெரியவரே, அப்படி ஒரு படகோட்டியே கிடையாது. நான் கட்டிவிட்டது. அது உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். கேட்ட உடனேயே தெரியும். நிஜமா நடந்த சங்கதியா இருந்தா உங்க ஆபீஸ்ல வாசிக்க விட்டிருப்பாங்களா?"

தூரத்தில் பேருந்து திரும்பியது. பெரியவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு? வெளிப்படையாச் சொல்லிடுங்க. என்னால தாங்க முடியல" என்றார் சரித்திரம்.

பெரியவர் படியில் ஒரு காலை வைத்து, அவர் தோளை ஒரு தட்டுத் தட்டினார்.

"இருபது வருஷத்துக்கு முந்தி அந்த ரெண்டு நிமிஷத்தை எழுதினவன் நான்தான். நான் கட்டிவிட்ட ஆளுக்குப் பேரன்னு சொல்லிக்கிட்டு யாரும் வரல தம்பி, அதான் வேலை போச்சு."