லிஃப்ட்டில் கோளாறு இல்லை

நானே ஏறிப் பார்க்காத லிஃப்ட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. பதினேழு வருஷ சர்வீஸ். இந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், லிஃப்ட்டுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சான்றிதழ் தொங்கும். அதன் அடியில் இருக்கும் கிறுக்கல் என்னுடையது. மற்ற பரிசோதகர்கள் கீழே நின்று டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நான் எடைக்கட்டிகளை ஏற்றி, கூடவே நானும் ஏறி, மேலே போய், கீழே வந்து, அப்புறம்தான் பேனாவைத் திறப்பேன். இந்தப் பெருமையைக் கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் சொன்னேன். அங்கேதான் சறுக்கினேன்.

என் மனைவி கோர்ட்டில் சுருக்கெழுத்தர். நீதிபதி தும்மினாலும் குறித்து வைக்கிறவள். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. சமையலறை ஜன்னலோரம் ஒரு நோட்டு, அதன் மேல் ஒரு பென்சில். நான் வாயைத் திறந்தால் பென்சில் நகரும். நாலு கோடு, இரண்டு புள்ளி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் கழித்துக்கூட, நான் சொன்ன தேதி, நேரம், அப்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பது வரை வாசித்துக் காட்டுவாள். எங்கள் வீட்டில் சண்டையே வராது. சாட்சியும் அவள், பதிவும் அவள், தீர்ப்பும் அவள் என்றால் யார் வாதாடுவது?

அவளுக்கு ஐந்தாம் மாதம். கோர்ட்டிலிருந்து வந்ததும் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். ஒரு நிமிஷத்தில் உள்ளேயிருந்து "அப்பாடா" என்று ஒரு சத்தம் வரும். போகும்போது பாதி ஆளாகப் போனவள், வரும்போது முழு ஆளாக வருவாள். பழைய பிரா எல்லாம் இறுக்கிப் பிடிக்கிறது, நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினால் மூச்சு விட முடியவில்லை என்றாள். கடைத்தெருவில் ஒரு மூன்று மாடிக் கடை உண்டு. அதன் மேல் மாடியில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் தனிப் பகுதியாம். அளவு பார்க்க ஒரு அக்கா இருக்கிறாராம். ஒரு நாள் கூட வாருங்கள், நீங்களும் தெரிந்துகொள்ளத்தானே வேண்டும் என்றாள்.

நான் மறுத்துவிட்டேன். அந்தக் கடையின் லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் என்னைத் தெரியும். நாளைக்கு நான் பரிசோதனைக்குப் போய் நின்றால் யார் மதிப்பார்கள்? கணவனாகப் போக முடியாத இடத்துக்கு நிபுணனாகப் போவதென்று அன்றே தீர்மானித்தேன். பன்னிரண்டு பேரைச் சுமக்கிற கம்பியைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? இரண்டு பட்டை, நாலு கொக்கி. "இதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை" என்றேன். பென்சில் நகர்ந்தது.

என் பையிலிருந்த ஸ்டீல் டேப்பால் அளவெடுத்தேன். சில்லென்று இருந்ததில் அவள் துள்ளியதால் மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் போனில் பட்டியலைத் திறந்து, எதில் தாங்கும் சக்தி அதிகம் என்று ஆராய்ந்தேன். அடியில் கம்பி வைத்தது, துணியில் இழுவை கொஞ்சமும் இல்லாதது, ஒரே ஒரு வரிசை கொக்கி. இழுவை இருந்தால் அல்லவா கோளாறு வரும்? ஒரு டஜன் வரவழைத்தேன். உள்ளாடை என்பதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அதனாலென்ன, அளவு சரியாக இருக்கும்போது யார் திருப்பப் போகிறார்கள்?

அளவு சரியாகத்தான் இருந்தது. ஒன்பது நாள்.

பத்தாம் நாள் கம்பி குத்துகிறது என்றாள். பதினைந்தாம் நாள் விலாவில் பிடிக்கிறது என்றாள். எனக்குப் புரியவே இல்லை. பதினேழு வருஷத்தில் நான் அளந்துவிட்டு வந்த எதுவும் எனக்குத் தெரியாமல் வளர்ந்ததில்லை.

"பழகிடும்மா. புது லிஃப்ட்கூட முதல் மாசம் கொஞ்சம் இறுக்கமாத்தான் ஓடும்."

"பழகிடுமா?"

"நிச்சயமா."

"கையெழுத்துப் போடுவீங்களா?"

"தாராளமா."

பென்சில் நின்றது. அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். பக்கத்தைத் தேடக்கூட இல்லை. விரல் நேரே போய் நின்றது.

"'நானே ஏறிப் பாக்காம எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்.' ஞாயித்துக்கிழமை, சாயந்திரம் ஆறேகால். ஜன்னல் பக்கத்து நாற்காலி."

"அது லிஃப்ட்டுக்குச் சொன்னது."

"'எதுக்கும்'னு இருக்கு."

மறுநாள் காலை அந்த டஜனில் ஒன்று என் முதுகில் ஏறியது. அவளுக்கு எவ்வளவு இறுக்கமோ எனக்கும் அதே இறுக்கம் வருகிற மாதிரி, எலாஸ்டிக் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்திருந்தாள். கோர்ட்டில் வேலை பார்க்கிறவள், ஒரு பக்கத்துக்கு அநியாயம் நடக்க விடுவாளா? அத்தோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. இரண்டு காலுறைகளில் உப்பை நிரப்பி முடிச்சுப் போட்டு எடுத்துவந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"காலி லிஃப்ட்டைச் சோதிச்சா நீங்க ஒத்துக்குவீங்களா?"

ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயை மூடிக்கொண்டு சட்டையை மாட்டினேன். மேலே ஆபீஸ் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டதால் வெளியே தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று பதினோரு மணிக்கே ஆபீஸ் கழிப்பறையில் எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டேன். சாயந்திரம் வீட்டு வாசலில் முகத்தைக் கொஞ்சம் களைப்பாக வைத்துக்கொண்டு உள்ளே போனேன். எட்டு மணி நேரம், கஷ்டம்தான், ஆனாலும் பழகிவிட்டது என்றேன். சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். குழந்தைத் தோள் மாதிரி சுத்தமாக இருந்தது.

அவள் தன் தோளைக் காட்டினாள்.

இரண்டு பக்கமும் பட்டை பதிந்து, விரலை வைத்தால் அமிழ்கிற அளவுக்குச் சிவந்த பள்ளம். மார்புக்குக் கீழே கம்பி ஓடிய இடத்தில் ஒரு கோடு, ஓரிடத்தில் தோலே உரிந்திருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறேன். இதை நான் பார்த்ததே இல்லை. இதை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரம் ஊரார் வழக்கையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறாள். கீழே நின்று டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவர்களை நான் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு முழுசாப் போட்டுக்கறேன்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஆபீஸில் நுழையும்போதே மேஜையில் ஒரு புகார்க் கடிதம் காத்திருந்தது. கடைத்தெரு மூன்று மாடிக் கடை லிஃப்ட்டைப் பற்றியது. 'ஒரு வாடிக்கையாளர்' எழுதியிருந்தார். பிழையே இல்லாத டைப்பிங். மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் மூச்சு முட்டுகிறது, தோள் வலிக்கிறது, குனிந்து பையை எடுக்க முடியவில்லை, உடனே பரிசோதகரை அனுப்ப வேண்டும் என்று இருந்தது. ஆளுக்கு மூச்சு முட்டுகிறது என்றால் எங்கள் துறையில் அது அவசரப் புகார். கிளம்பிப் போனேன்.

முதல் தடவை ஏறினேன். இரண்டாம் மாடியிலேயே மூச்சு முட்டியது. திகைத்துப்போனேன். இறங்கி, காற்றுத் துவாரத்தைப் பார்த்தேன், அடைப்பில்லை. மின்விசிறி ஓடுகிறது. வேகம் சரி. மறுபடி ஏறினேன். மறுபடி முட்டியது. தோள் வேறு வலித்தது. குனிந்து பையை எடுக்கப் போனால் விலாவில் கம்பி குத்தி நிமிர்ந்துவிட்டேன். கடிதத்தில் எழுதியிருந்தது அத்தனையும் நடந்தது. இப்படி ஒரு துல்லியமான புகாரை என் சர்வீஸில் கண்டதில்லை. மதியமானதும் மேனேஜரைக் கூப்பிட்டு, இந்த லிஃப்ட்டை மூடப் போகிறேன் என்றேன். அவர் கையைப் பிசைந்தார். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று சிவப்பு ஸ்டிக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கூடவே ஒரு அம்மா ஏறினார். கழுத்தில் துணி டேப், கையில் நாலு அட்டைப்பெட்டி. அளவு பார்க்கிற அக்கா இவர்தான் போலிருக்கிறது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஒரு மாடி வரைக்கும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வீட்ல எத்தனை மாசம் சார்?"

"ஆறு நடக்குது. உங்களுக்கு எப்படி…"

"ஸ்டிக்கரைப் பைக்குள்ள வைங்க. லிஃப்ட்ல ஒண்ணும் இல்ல. கொக்கியில ரெண்டு அங்குலம் போதல."

"எந்தக் கொக்கி?"

"உங்க முதுகுல இருக்கிறது."

லிஃப்ட் நின்றது. எனக்கு மட்டும் அது கீழே போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. கோட்டுக்கு மேலே, சட்டைக்கு மேலே, ஒரு மாடி நேரத்தில், கையால் தொடாமல் இரண்டு அங்குலம் என்று சொல்கிறார். கட்டைவிரல் அடிக்கொருதரம் தோளுக்குப் போவதையும், மூச்சைப் பாதியில் விடுவதையும் பார்த்தே கண்டுபிடித்தாராம். எனக்கு வெட்கத்தை விட மலைப்புதான் அதிகமாக இருந்தது. ஸ்டீல் டேப்பும் கையுமாக மூன்று தடவை அளந்தவன் நான்.

அளவு அக்கா நடந்துகொண்டே திட்டினார். ஆறாம் மாதத்தில் கம்பி வைத்ததையா வாங்குவார்கள்? விலாவே விரிகிற நேரம் இது. கம்பியில்லாமல், பட்டை அகலமாக, துணி மெத்தென்று இருக்க வேண்டும். கொக்கி நாலு வரிசை இருக்க வேண்டும், இப்போது இறுக்கமான வரிசையில் சரியாக இருந்தால்தான் போகப்போகத் தளர்த்திக்கொள்ள முடியும். மொத்தமாக யாராவது வாங்குவார்களா? இப்போதைக்கு இரண்டு, கடைசி மாதம் வந்து மறுபடி அளந்து பால் கொடுப்பதற்கு இரண்டு. அப்போது இறுக்கிப் போட்டால் பால் கட்டிக்கொண்டு வலி உயிரை எடுக்கும். அவர் சொல்லச் சொல்ல, என் டஜன் கண்முன்னே வரிசையாக வந்து நின்றது.

"என் மனைவிக்கு என்ன அளவும்மா வேணும்?"

"ஆளைப் பாக்காம நான் அளவு சொல்றதில்ல சார்."

என் கட்சிக்காரர். மரியாதையோடு தலையசைத்தேன். முதலில் அந்தக் கண்றாவியைக் கழற்றுங்கள் என்று ஓரத்து அறையைக் காட்டினார். திரையை விலக்கினேன்.

உள்ளே நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு.

"கோர்ட்ல மதிய இடைவேளை" என்றாள்.

நான் கையிலிருந்த புகார்க் கடிதத்தைப் பார்த்தேன். பிழையே இல்லாத டைப்பிங்.

"பொய்ப் புகார் குற்றம் தெரியுமா?"

"எது பொய்? போன வாரம் நீங்க வாங்கினதைப் போட்டுக்கிட்டு இதே லிஃப்ட்லதான் வந்தேன். மூச்சு முட்டிச்சு. தோள் வலிச்சுது. பையை எடுக்க முடியல. உங்களுக்கு என்ன ஆச்சு?"

மூச்சு முட்டியது. தோள் வலித்தது. பையை எடுக்க முடியவில்லை. பரிசோதகரே ஒப்புக்கொண்ட புகார் எப்படிப் பொய்யாகும்?

அவள் எழுந்து நின்றாள். அளவு அக்கா பார்த்துக் கொடுத்ததை அப்போதே போட்டிருந்தாள். என் முன்னால் நின்று மூச்சை இழுத்தாள். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது, தோள் இறங்கியது, விலா விரிந்தது, வயிறு லேசாக ஏறி இறங்கியது. ஒரு முழு மூச்சு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை மாதமாக அவள் அரை மூச்சில்தான் இரண்டு பேருக்கு வாழ்ந்திருக்கிறாள். லிஃப்ட்டுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. அதிகபட்சம் இத்தனை பேர் என்று எழுதி ஒட்டியிருப்போம், ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் மணி அடித்து நின்றுவிடும். இவள் நிற்கவே இல்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கம்பி குத்தியதால் என்று சொன்னேன். அவள் நம்பினாளோ என்னவோ, என் முதுகுப் பக்கம் வந்து கொக்கியைக் கழற்றிவிட்டாள். நானும் ஒரு முழு மூச்சு விட்டேன். வெளியே மேனேஜருக்கு அது கேட்டிருக்கும்.

ஆபீஸ் அறிக்கையை அன்று சாயந்திரம் அவளே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'லிஃப்ட்டில் கோளாறு இல்லை. கோளாறு பரிசோதகரிடம் இருந்தது. அகற்றப்பட்டது.'

கடைசி மாதம் நானே அவளை அழைத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் கடைக்கே கேட்கிற மாதிரி, "பால் கொடுக்கறதுக்கு ரெண்டு பிரா" என்றேன். காவலாளி சல்யூட் அடித்தார்.

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பால் கொடுக்கிற பிராவில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கொக்கி இருக்கும். ஒரு கையில் பசியோடு குழந்தை கத்தும்போது மற்றொரு கையால் அதைத் திறக்க வேண்டும். அவள் இரண்டு விரலால், அதுவும் தூக்கக் கலக்கத்தில், திறந்துவிடுகிறாள். நேற்றுக் காலை அதைப் பார்த்து அசந்துபோய், இதையும் சோதித்துப் பார்த்துவிடுகிறேன் என்று இந்தத் தடவை நானாகவே முன்வந்தேன். பனியனுக்கு மேலே மாட்டிக்கொண்டேன். வலது கையில் மகளை வாங்கிக்கொண்டேன். இடது கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து. நாலாவது முயற்சியில் டக்கென்று திறந்தது. வெற்றிப் புன்னகையோடு மனைவியைப் பார்த்தேன்.

அந்தச் சத்தம் மகளுக்கு நன்றாகப் பழகிய சத்தம். கண்ணை விரித்தாள். வாயைத் திறந்தாள். என் பனியனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாள். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தை ஒரு தடவை தீர்க்கமாகப் பார்த்துவிட்டு, தெருவே திரும்புகிற மாதிரி ஒரு கத்து கத்தினாள்.

மனைவி ஒரு கையால் குழந்தையை வாங்கி, மறு கையால் பென்சிலை எடுத்தாள். எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"கொக்கி நன்றாக வேலை செய்கிறது. பரிசோதகரிடம் பால் இல்லை."

ஏறிப் பார்த்துவிட்டேனே, கையெழுத்துப் போட்டேன்.