ஒட்டியதா என்று உரித்துப் பார்ப்பவர்

உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். கட்டாயம் இருப்பார். எதையாவது ஒட்டி வைத்தால், அது ஒட்டிவிட்டதா என்று பிரித்துப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. உடைந்த கோப்பைக்குக் காது ஒட்டி வைத்தால், அந்தக் காதையே பிடித்துக் கோப்பையைத் தூக்கிப் பார்ப்பார். விதை போட்டால் மறுநாளே மண்ணைக் கிளறி நலம் விசாரிப்பார். தூங்குகிற குழந்தையின் இமையை மெல்லத் தூக்கி, "தூங்கிடுச்சா?" என்பார். தெரு முழுக்கக் கேட்கும்படி குழந்தை பதில் சொல்லும். இவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியுமா? முடியாது. எல்லாம் அக்கறைதான். என்ன, அந்த அக்கறைக்கு நகம் முளைத்திருக்கிறது.

எங்கள் குடியிருப்புக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. எங்கள் கட்டடத்தின் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு தூண் வெடிப்பு விட்டது. பொறியாளர் அம்மா வந்து பார்த்தார். தூணைச் சுற்றி இரும்பு முட்டுகளை நிறுத்தினார். "இது சரியாகிற வரைக்கும் மேல யாரும் குடியிருக்கக் கூடாது" என்று எல்லோரையும் கிளப்பிவிட்டார். மூட்டை முடிச்சோடு நானும் என் மனைவியும் அவளுடைய தம்பி வீட்டில் போய் இறங்கினோம்.

மச்சினன் தங்கமானவன். அவன் வீட்டுச் சோபாதான் குட்டை. அதில் தலையை வைத்தால் காலுக்கு இடமில்லை, காலை நீட்டினால் தலை நாதியற்றுத் தொங்கும். காலையில் காப்பி தரும்போது அவன் மனைவி, "அண்ணே, உங்க தூண் எப்படி இருக்கு?" என்பாள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் நெருங்கிய சொந்தத்தைக் கேட்பதுபோல. பதிலுக்காக மச்சினன் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். வீடு திரும்ப வேண்டும் என்று எனக்கிருந்த ஏக்கத்தைவிட, நான் திரும்ப வேண்டும் என்று அவனுக்கிருந்த ஏக்கம் பெரிது.

வைத்தியம் ஒன்றும் சிக்கலானதல்ல. தூணின் பழைய பூச்சைக் கொத்தி, வெடிப்பை அடைத்து, கூரான முனைகளை மழுங்கத் தேய்த்து, பிசின் தடவி, கார்பன் இழையால் நெய்த துணியை அதன்மேல் இறுக்கிச் சுற்றுவார்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் உருளையால் அழுத்துவார்கள். பிசின் காய்ந்ததும் துணி பலகையாக இறுகித் தூணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு பாரம் ஏறினாலும் தூணுக்குத் தொப்பை தள்ளாது. காயும்வரை சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சும்மா இருப்பது லேசான காரியமா?

வேலையாட்கள் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தால் துணியின் ஓரம் நாய்க் காதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தணிக்கை அதிகாரி.

"யாரு சார் இதைப் பிரிச்சது?" என்றார் பொறியாளர் அம்மா.

"பிரிக்கலைம்மா. ஒட்டியிருக்கான்னு லேசா இழுத்துப் பார்த்தேன்."

"ஒட்டியிருந்துச்சா?"

"அதெல்லாம் நல்லாத்தான் ஒட்டியிருந்துச்சு. நான் இழுக்கற வரைக்கும்."

அம்மா துணியை வெட்டியெறிந்து, தூணைச் சுரண்டி, முதலிலிருந்து சுற்ற வைத்தார். காய்வதற்குள் அதிகாரி மறுபடியும் இழுத்தார். போன தடவை தான் செய்த சேதம் சரியாகிவிட்டதா என்று பார்த்தாராம்!

நாங்கள் கொதித்துப்போனோம். அவசரக் கூட்டம் போட்டோம். அதிகாரியை ஒருமனதாக அவருடைய மகள் வீட்டுக்குப் பேருந்து ஏற்றினோம். மூன்றாம் தடவை துணி சுற்றியதும், முறை போட்டுத் தூணுக்குக் காவல் நின்றோம். குடியிருப்பிலேயே இல்லாத என் மச்சினன்கூட, "மாமா, என்னையும் சேர்த்துக்கங்க. ஒரு ஈ உட்கார விடமாட்டேன்" என்று ஓடிவந்தான். அவன் கண்ணில் தெரிந்த உறுதியைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

சோதனை நாள் வந்தது. அம்மா சின்னச் சுத்தியலால் தூணைத் தட்டினார். நன்றாக ஒட்டியிருந்தால் கெட்டியாகச் சத்தம் வர வேண்டும். வந்ததோ காலி டப்பாவின் சத்தம். இந்தப் பக்கம் தட்டினார், காலி. அந்தப் பக்கமும் காலி. அடிமுதல் நெஞ்சுயரம்வரை, கைக்கு எட்டிய இடமெல்லாம் காலி.

"அந்தத் தணிக்கை ஆள்தான் ராத்திரியோட ராத்திரியா வந்திருக்கணும்!" என்று கத்தினார் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் கையைக் காட்டுங்க."

பிசின் பொல்லாதது. விரலில் பட்டால் லேசில் போகாது. காட்டினோம். செயலாளரின் ஆள்காட்டி விரலில் பளபளப்பு. சங்கப் பொருளாளருக்கு இரண்டு கையிலும்.

"அவரு பிச்சிருப்பாரோன்னு சந்தேகம். அதான் ஓரத்தை மட்டும் லேசா..." என்றார் செயலாளர்.

"எனக்கு முன்னாடி நின்னவரு ஓரத்தைத் தூக்கி வச்சிருந்தாரு. உள்ளயும் தூக்கியிருக்கான்னு பார்த்தேன்" என்றார் பொருளாளர்.

மச்சினன் மட்டும் கையை நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

"நீங்க இந்தக் கட்டடமே இல்லையே?" என்றார் அம்மா.

"நல்லா ஒட்டிடுச்சுன்னா மாமா இன்னிக்கே கிளம்பிடலாமேன்னு..." என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

அம்மா துணியை வெட்டச் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுபடியும் எத்தனை நாளோ அந்தச் சோபா! மச்சினன் வீட்டுக்கே திரும்பினோம். வழியெல்லாம் அவன் ஒட்டிய விரல்களோடு வண்டியோட்டினான், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சிரிக்கிறீர்கள், இல்லையா? நீங்கள் இந்த ரகமே இல்லை. காய வேண்டியதைக் காய விடுவீர்கள், ஆற வேண்டியதை ஆற விடுவீர்கள். நம்புகிறேன். அப்படியே முழங்கையில் இருக்கும் அந்தப் பொருக்கிலிருந்தும் கையை எடுத்துவிடுங்கள். ஆறிவிட்டதா என்றுதானே பார்க்கிறீர்கள்?