என்சைமுக்குப் பிடித்த சூடு

"இன்னும் வெளுக்கலையேம்மா!" சலவை இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார் மேனேஜர்.

கெமிஸ்ட் பெண்ணுக்கு வேலை நிரந்தரமா இல்லையா என்பது நான்கு மணிக்குத் தெரிந்துவிடும். ஜீன்ஸ் வாங்கும் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் அவர்கள் அனுப்பிய சாம்பிளைப் போலவே ஒரு புதுப் பேன்ட்டைச் சலவை செய்து காட்டியாக வேண்டும்.

காலையில் மேனேஜரே கேட்டிலிருந்து எடுத்துவந்த சாம்பிள் மேசைமேல் கிடந்தது. வலது முட்டி மட்டும் வெளுத்திருந்தது. பின்பாக்கெட்டில் ஏதோ டப்பாவின் சதுரத் தடம். எந்த மெஷினில் இப்படிச் செய்திருப்பார்கள்? அவளுக்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தோன்றியது.

"சார், என்சைம் நூலோட மேல்தோலை மெதுவாத்தான் அரிக்கும். அப்புறம் நீலம் தானா உதிரும். ஐம்பது டிகிரிதான் அதுக்குப் பிடிச்ச சூடு."

"அப்ப எண்பது வச்சா இன்னும் பிடிக்கும்ல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சூட்டுக் குமிழைத் திருகிவிட்டார்.

என்சைமும் ஒரு புரதம்தான். முட்டை மாதிரி வெந்துபோனது. பேன்ட் கருநீலம் மாறாமல் வெளியே வந்தது. மேனேஜர் அதை மூலையில் விட்டெறிந்தார்.

இரண்டாவதற்குச் சூடு சரியாக இருந்தது.

"தண்ணி புளிப்பா இருக்கணும்னியே!" என்று அமில டப்பாவைக் கவிழ்த்தார்.

"லேசான புளிப்பு சார்!"

என்சைம் படுத்துவிட்டது. பேன்ட் திட்டுத்திட்டாக, அழுத மூஞ்சியோடு வந்தது.

மூன்றாவதை அவள் யாரையும் தொடவிடவில்லை. நிறம் அற்புதமாக இறங்கியது.

"இப்ப கொதிக்கிற தண்ணி விட்டு என்சைமை நிறுத்தணும் சார்."

"சூடு ஆகாதுன்னு நீதானே சொன்னே? எடு, போதும்!"

அவரே ஈரத்தோடு மடித்து மேசையில் வைத்தார். மூன்றே முக்காலுக்குப் பிரித்தார். அவர் கை பேன்ட்டின் முட்டியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

"என்னம்மா இது, வலை மாதிரி இருக்கு!"

"அது இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு சார்."

வெளியே கார் வந்து நின்றது. அவளுக்குக் கண் கலங்கியது. காவலாளி உள்ளே ஓடிவந்தார்.

"சார், அவங்க வந்துட்டாங்க..." என்றவர் மேசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, நேத்து கேட்ல காயப்போட்ட என் பேன்ட்டு! அவங்க அனுப்பின சாம்பிள் பார்சல் காலையிலேர்ந்து கேட்லதான் சார் கிடக்கு. கண்ணாடிக் கவர்ல, அச்சு அசல் அதோ அந்த மூலையில கிடக்குற கருநீலப் பேன்ட் மாதிரி!"