சலூனுக்குப் பதினைந்து டி-ஷர்ட்

"சூடு சொரணை இருந்தா சொந்தமா ஒரு தொழில் பண்ணிக் காட்டுங்க" என்று போன மாதம் என் மனைவி சொன்னாள்.

சொரணை கடையில் கிடைக்கவில்லை. சூடு கிடைத்தது. நூற்றெண்பது டிகிரி. டி-ஷர்ட்டில் எழுத்தை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ஹீட் பிரஸ் மெஷின் ஒன்றை வாங்கி, அவளுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். முதலில் ஜெயிக்க வேண்டும். பிறகு அவள் வாயாலேயே என்னை முதலாளி என்று கூப்பிட வைக்க வேண்டும். அதுதான் திட்டம்.

முதல் ஆர்டர் எங்கள் தெரு சலூன்காரருடையது. பதினைந்து டி-ஷர்ட். நெஞ்சில் 'வாங்க, அழகாயிட்டுப் போங்க'.

"நாளான்னிக்குக் காலைல புதுக் கடை திறப்பு. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கறேன். சொதப்பிடாதீங்க சார்" என்றார். மாதா மாதம் என் கழுத்தில் கத்தி வைக்கிற மனிதர். சரி என்றேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். அவள் வேலைக்குப் போனதும் மெஷினைச் சாப்பாட்டு மேசையில் ஏற்றினேன். எழுத்து அச்சடித்த தாளைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, இருபது எண்ண வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் தாளை உரிக்க வேண்டும். அதனால் பதினைந்தையும் அழுத்தி அடுக்கிவிட்டு, நாலரைக்கு முதல் தாளை உரித்தேன்.

எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடியது.

தாளில் எழுத்தைத் திருப்பி அச்சடித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். இரண்டாவதை உரித்தேன். மூன்றாவதையும். வேறு துணியும் இல்லை, தாளும் இல்லை.

வாசற்கதவில் சாவி திரும்பியது.

"ஆபீசுக்குப் போகலையா?"

"போயிட்டு வந்துட்டேன்."

"அரை டிராயர்லயா?"

மேசையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"மேசைமேல என்ன?"

"இஸ்திரிப் பெட்டி."

"யானைக்குச் சட்டை தேய்க்கவா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்ப வராரு?"

"இன்னும் பத்து நிமிஷம். திட்டறதுன்னா இப்பவே திட்டிடு."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. மிச்சத்தை உரிங்க."

கடைசித் தாளை உரிக்கும்போது வாசல் மணி அடித்தது.

சலூன்காரர் ஒன்றை விரித்தார். முகம் கறுத்தது. "என்ன சார் இது?" என்றார் மெதுவாக. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"அண்ணே, உங்க கடையில உட்கார்றவங்க உங்களை எங்க பார்க்கறாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"எங்க பார்ப்பாங்க? எதிர்க் கண்ணாடியிலதான்."

"அப்ப நீங்களும் கண்ணாடியில பாருங்க."

கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று, அதை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. கண்ணாடியில் ஒவ்வொரு எழுத்தும் நேராக நின்றது.

"மத்த கடை டி-ஷர்ட் கண்ணாடியில இடம் வலமாத் தெரியும். சலூனுக்குன்னே பண்ணது இது" என்றாள்.

"இதை யோசிச்சது யாரும்மா?"

நான் தலையை நிமிர்த்தினேன்.

"நான்தான்" என்றாள். அதுவும் உண்மைதான்.

பழைய கடைக்கும் இருபது வேண்டும் என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்.

"நாளைக்கு நான் லீவு போட்டுக்கறேன். நீங்க ஆபீசுக்குக் கிளம்புங்க."

"அப்ப என் தொழில்?"

"உங்களை விட்டுடுவேனா? உங்களுக்கும் ஒரு இடம் இருக்கு."

இருந்தது. அடுத்த வாரம் வந்த விசிட்டிங் கார்டில் 'உரிமையாளர்' என்று அவள் பெயரும், 'டெலிவரிக்கு' என்று என் போன் நம்பரும்.