ஒன்பது நாற்பதுக்கு ஒரு அலை

காலை ஒன்பது நாற்பதுக்கு ஊர் நின்றுவிடும். பஸ் நிற்கும். முடிவெட்டுகிறவரின் கத்திரி அந்தரத்தில் நிற்கும். நாற்காலியில் இருப்பவர் பாதி மீசையோடு கண்ணை மூடிக்கொள்வார். வங்கியில் வரிசை நிற்கும். அது எப்போதும் நிற்பதுதான், அலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்கு வீடு ரேடியோவின் தலையில் ஒரு தண்ணீர் பாட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

"என்னங்க, யாராவது பெரிய ஆள் செத்துட்டாரா?" என்று வெளியூர்க்காரர் யாரும் கேட்டால்,

"உஷ். அலை வருது" என்பார்கள்.

அலை வந்தது உள்ளூர் வானொலி நிலையத்திலிருந்து. பொதுமக்கள் பணத்தில் நடக்கிற நிலையம், விளம்பரம் கிடையாது. காலையில் 'வாங்க பேசுவோம்' என்று ஒரு நிகழ்ச்சி. திங்கள் மாநில அரசியல், புதன் பருவநிலை, வெள்ளி உடல்நலம். படித்தவர்கள் வந்து பேசுவார்கள். அதனால்தான் யாரும் கேட்கவில்லை.

வானிலை ஆராய்ச்சி செய்கிற அம்மா வந்து, "மழைக்கு நாற்பது சதவீதம் வாய்ப்பு இருக்கு" என்பார்.

"குடை எடுக்கணுமா வேண்டாமா? அதைச் சொல்லும்மா" என்பார் போனில் ஒருவர்.

டாக்டரம்மா வந்து, "உப்பைக் குறைங்க, தினமும் நடங்க, மாத்திரையை விடாதீங்க" என்பார்.

"வேற டாக்டர் இல்லையா?" என்பார் இன்னொருவர்.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா ஓர் அவசர ஆபரேஷன் செய்யப் போய்விட்டார். நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. நிலைய அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு வராந்தாவுக்கு ஓடினார். அங்கே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொசு விரட்டும் கருவிக்கு விளம்பரம் போடமுடியுமா என்று கேட்க வந்தவர்.

"உங்களுக்கு உடல்நலம் பத்திப் பேச வருமா?"

"பேச்சுத்தானே சார்?" என்றார் அவர்.

பேசினார். மனித உடம்பு அலையால் ஆனது, நோய் என்பது அலை கலங்குவது, கலங்கினதைத் தெளிய வைக்க தன்னால் முடியும், பத்து வருஷம் மலையில் இருந்து கற்றது என்றார். மலையில் அவருக்கு ஒரு கிளைக் கடை இருந்தது என்பது வேறு விஷயம். கடைசியில், "இப்போ ஒரு நிமிஷம் நான் பேசமாட்டேன். அலையை மட்டும் அனுப்புவேன். ரேடியோ மேல தண்ணி வெச்சுக் கேளுங்க" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் நிலையத்துக்கு இருநூறு போன். முட்டிவலி போச்சு, மூலம் போச்சு, மாமியாரின் கோபம் போச்சு. அடுத்த வாரம் முதல் வாரத்தின் ஐந்து நாளும் ஒன்பது நாற்பதுக்கு அவர்தான். பெயர் 'அலையார்' ஆயிற்று. 'அலையார்' என்று சீட்டு ஒட்டிய பாட்டிலில் மட்டும்தான் அலை தங்கும் என்று ஒரு நாள் ஞானம் வந்தது. கொசுக்கடை அன்றே பாட்டில் கடையானது.

அரசியலும் அவரே சொன்னார். "ஒரு நாற்காலி ஆடுது" என்றார். அடுத்த வாரம் ஓர் அமைச்சரின் பதவி போயிற்று. ஊர் வாய்பிளந்தது. எந்த அரசாங்கத்தில் எந்த வாரம் நாற்காலி ஆடாமல் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சுகாதார அமைச்சரே ஒரு திங்கட்கிழமை வந்திருந்தார்.

"எங்க கிராமத்து ஆஸ்பத்திரியில ஏழு மாசமா டாக்டர் இல்லீங்க" என்று ஒரு பெண் போனில் சொன்னாள்.

"அதான் அலை வருதேம்மா" என்றார் அமைச்சர். நல்ல அமைச்சர். வேலை மிச்சம்.

இதையெல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் ஒலிக்காரம்மா. இருபத்தாறு வருஷமாக நிலையத்தின் ஒலிப் பொத்தான்களைக் கையாள்கிறவர். சிரிப்புக்குக் காரணம் உண்டு. ரேடியோவில் இருபது விநாடிக்கு மேல் சத்தமே இல்லையென்றால், நிலையம் கெட்டுப்போச்சு என்று இயந்திரம் நினைத்துக்கொண்டு, தானாகவே ஓர் அரசு அறிவிப்பைப் போட்டுவிடும். அலையாரோ ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கிற ஆள். அதனால் முதல் நாளே ஒலிக்காரம்மா அவருடைய மைக்கை மூடிவிட்டு, கையில் கிடைத்த ஒரு பதிவை ஓடவிட்டார். கேன்டீன் ஃபிரிட்ஜின் உறுமல். எப்போதோ பழுது பார்ப்பவருக்குக் காட்டப் பதிவு செய்தது.

"இன்னிக்கு 'உம்'முனு ஒரு சத்தம் கேட்டுச்சே, அதுதானே அலை?" என்று ஜனங்கள் உருகினார்கள்.

ஒலிக்காரம்மா அதிகாரியிடம் சொன்னார். "சார், இவங்களுக்கு மூட்டுவலி போனது நம்ம ஃபிரிட்ஜாலே."

"மெதுவாப் பேசுங்கம்மா. இத்தனை வருஷத்துல முதல் தடவையா நம்மள நாலு பேர் கேக்குறாங்க."

சரி, எவனோ ஏமாறுகிறான், நமக்கென்ன என்று அவரும் விட்டுவிட்டார். எவனோ ஏமாறும்வரை எல்லாருக்கும் சிரிப்புதான்.

ஒரு மத்தியானம் அவருடைய அக்கா தையல் மிஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். கடைத்தெருவில் சின்ன தையல்கடை வைத்திருக்கிறவள். பக்கத்து வளையல் கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது.

"மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்றார் டாக்டரம்மா.

"பதினஞ்சு வருஷமா சாப்பிடுறா" என்றார் ஒலிக்காரம்மா.

"பத்தொன்பது நாளா நிறுத்திட்டேன்" என்றாள் அக்கா படுக்கையிலிருந்து, பெருமையாக.

டாக்டரம்மா ஒலிக்காரம்மாவைத் தனியே கூப்பிட்டார். "மூளையில ரத்தக் குழாய் வெடிக்காதது அதிர்ஷ்டம். இன்னொரு தடவை நிறுத்தினா என்கிட்ட கொண்டு வராதீங்க. கொண்டு வந்தும் பிரயோஜனம் இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் ரேடியோவைத் துடைத்தாள்.

"அக்கா, மாத்திரையைப் போடு."

"அலை போதும்டி. நான்தான் சத்தம் கம்மியா வெச்சுட்டேன், அதான் மயக்கம்."

"நீ கேக்குறது அலை இல்ல. எங்க கேன்டீன் ஃபிரிட்ஜ்."

"உனக்குப் பொறாமை."

"யார் மேல?"

"இருபத்தாறு வருஷமா அங்கேயே உக்காந்திருக்கே. உன்னை யாருக்காவது தெரியுமா? அவர் நாலு மாசத்துல எங்கேயோ போயிட்டாரு."

"நான் உன் தங்கச்சி. உங்கிட்ட பொய் சொல்வேனா?"

"நீ சொன்னா நம்பமாட்டேன். என் காது சொல்லணும்" என்றாள் அக்கா. மாத்திரை அட்டை பொத்தான் டப்பாவுக்குள் பழையபடி போய்ச் சேர்ந்தது.

ஒலிக்காரம்மாவுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. காதுதானே சொல்லணும்? மறுநாள் பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"அக்கா, என் ரவிக்கையில ஒரு தையல் விட்டிருக்கு பாரு."

அக்கா மோட்டாரைப் போட்டாள். தைத்து முடிந்தும் மிஷின் சும்மா ஓடியது. "உம்" என்று ஓர் உறுமல். நடுவில் விட்டு விட்டு ஒரு "டக்".

"அந்த டக் என்ன?"

"சக்கரத்துல ஒரு பல் உடைஞ்சிருக்கு. பொண்ணு கல்யாணத்தப்ப உடைஞ்சது. மாத்தவே நேரமில்லை."

வியாழக்கிழமை ஒன்பது நாற்பதுக்கு ஃபிரிட்ஜுக்கு ஓய்வு. மிஷின் ஓடியது. அன்றைக்கு வந்த போனைப் பார்க்கணுமே. இதுவரை வராத சக்தி, உச்சந்தலையில் சுள்ளென்று இறங்குது, நடுநடுவே தட்டி எழுப்புது என்றார்கள். அக்காவும் சாயங்காலம் சொன்னாள்: "மிஷினை நிறுத்திட்டு, கண்ணை மூடிக் கேட்டேன்டி. இன்னிக்கு என்னமோ எனக்குன்னே அனுப்பின மாதிரி இருந்துச்சு."

"இருக்கும்" என்றார் ஒலிக்காரம்மா.

மறுநாள் வெள்ளிக்கிழமை அலையாரின் நூறாவது நாள். நிலையத்தின் முற்றத்தில் பந்தல். பெரிய ஒலிபெருக்கிகள். பாட்டிலும் கையுமாக எண்ணூறு பேர். மேடையில் அலையார் வெள்ளைச் சால்வையில், பக்கத்தில் அதிகாரி, ஓரத்தில் யாரும் கண்டுகொள்ளாத டாக்டரம்மா. அக்கா முதல் வரிசையில். கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல் வழியே ஒலிக்காரம்மாவின் தலை மட்டும் தெரிந்தது.

ஒன்பது நாற்பதுக்கு ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "ஐயா, ஒரு சின்னக் கேள்வி. நேத்து வியாழக்கிழமை அலை ரொம்ப பலமா இருந்ததா எல்லாரும் சொல்றாங்க. நீங்க அனுப்பினதுதானே?"

"நான்தான்" என்றார் அலையார். "நூறாவது நாளுக்கு முந்தின நாள். ஏழு மலைக்கு அப்பாலிருந்து இழுத்தேன். உடம்பெல்லாம் வலி."

"அதையே இப்போ போடுறேன். எல்லாரும் கேக்கட்டும்."

போட்டார். "உம்" என்று முற்றமே அதிர்ந்தது. கண்கள் மூடின. ஒருவர் ஊன்றுகோலைக் கீழே போட்டார். ஒருவர் அழுதார்.

டக்.

அக்காவின் ஒரு கண் திறந்தது.

டக்.

இரண்டாவது கண்ணும் திறந்தது. பெரிய ஒலிபெருக்கி, சின்ன ரேடியோவில் கேட்காததெல்லாம் இதில் கேட்டது. அக்கா எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்க. இது என் மிஷின்."

"உக்காரும்மா" என்றார்கள் பின்னால்.

"என்ன உக்காரு? பதினெட்டு வருஷமா இதுகூடத்தான் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? சக்கரத்துல பல் உடைஞ்ச டக்கு இது. ஏழு மலையாம். என் கடைக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு வேகத்தடைகூட இல்ல."

"ஆமா, அக்கா கடையிலதான் பதிவு பண்ணேன்" என்றது ஒலிபெருக்கி. "அதுக்கு முன்னால தொண்ணூத்தெட்டு நாளும் நீங்க கேட்டது கேன்டீன் ஃபிரிட்ஜ். அலை நேரத்துல ஐயாவோட மைக்கை ஒருநாள்கூட நான் திறக்கலை."

"உங்க வேலை போயிடும்" என்றார் அதிகாரி மேடையிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"போகட்டும் சார். முதல் நாளே உரக்கச் சொல்லியிருக்கணும். சிரிச்சுட்டு இருந்துட்டேன்."

அலையார் அசரவில்லை. இந்தத் தொழிலில் அசருகிறவனுக்கு இடமில்லை. "பக்தர்களே, மிஷின் வெறும் வாகனம். என் அலை அதுமேல ஏறி வந்தது."

கூட்டத்தில் பாதி, "அப்படிச் சொல்லுங்க" என்று பெருமூச்சு விட்டது.

"சரிங்க ஐயா. இன்னிக்கு வாகனம் வேண்டாம். மைக்கைத் திறந்துட்டேன். நேரா அனுப்புங்க."

அலையார் கண்ணை மூடினார். கையை விரித்தார். எண்ணூறு பேர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒலிபெருக்கியில் அவர் மூக்கு மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. ஐந்து விநாடி. பத்து. பதினைந்து. எங்கோ ஒரு குழந்தை தும்மியது. இருபது.

உள்ளே இயந்திரம், நிலையம் கெட்டுப்போச்சு என்று முடிவு செய்தது. ஒரு பெண் குரல் கணீரென்று பேசியது:

"சுகாதாரத் துறை அறிவிப்பு. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்."

முதலில் சிரித்தது டாக்டரம்மா. அப்புறம் அக்கா. அப்புறம் ஊன்றுகோலைப் போட்டவர், அதைத் தேடிக்கொண்டே. சிரிப்பு அடங்கிப் பார்த்தபோது மேடையில் சால்வை மட்டும் இருந்தது. அலையார் பின்வாசல் வழியாக நல்ல வேகத்தில் பரவிக்கொண்டிருந்தார்.

அக்கா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். தங்கச்சி காலையில் திணித்து அனுப்பிய மாத்திரை அட்டை அதில் இருந்தது. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, 'அலையார்' பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றது ஒலிபெருக்கி.

"தண்ணி மாதிரி இருக்கு."

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நம் ஜனங்கள் அப்படி முடிய விடுவார்களா? மறுநாள் காலை கடையைத் திறக்க வந்த அக்கா, வாசலில் இருபது பேர் பாட்டிலோடு நிற்பதைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த மிஷினுக்குப் பக்கத்துல ஒரு நிமிஷம் உக்காந்துக்கவா? நேத்து வியாழக்கிழமை... இல்ல, முந்தாநாள் வியாழக்கிழமை, நிஜமாவே முட்டிவலி குறைஞ்சுதும்மா."

அக்கா பூட்டைத் திறந்தாள். கதவைத் தூக்கினாள். பிறகுதான் திரும்பினாள்.

"துணி கிழிஞ்சிருந்தா குடுங்க, தைச்சுத் தர்றேன். புத்தி கிழிஞ்சிருந்தா அவங்கவங்களே உக்காந்து தைச்சுக்கணும். ஊசி உங்க எல்லார்கிட்டயும் இருக்கு. எடுத்துப் பாருங்க, துருப்பிடிச்சுப் போயிருக்கும்."